இடது கையில் டிரான்ஸ்

ஊசி குத்துகிற சத்தம் காதைக் குடைகிறதா அக்கா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க. டிரேஸ் பேப்பரில் கிளியை வரைந்தாயிற்று. இனி கோட்டின் மேலேயே நெருக்க நெருக்கமாகக் குத்திக்கொண்டு போகவேண்டும். குத்தி முடித்துத் துணிமேல் வைத்து, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் ஓட்டை வழியாகக் கிளி அப்படியே துணியில் இறங்கிவிடும். அப்புறம்தான் ஃபிரேமில் மாட்டுவது, ஆரி ஊசியை எடுப்பது எல்லாம். நீங்க ஃபேனுக்குக் கீழே நகர்ந்து உட்காருங்க.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிடுங்க. ரவிக்கைக்கு ரெண்டு கை. ரெண்டு கையிலும் கிளி. இந்தக் கிளியும் அந்தக் கிளியும் ஒன்றையொன்று பார்க்கணுமா, இல்லை ரெண்டும் ஒரே திசையைப் பார்க்கணுமா?

ஒரே திசை. ரெண்டும் வலப்பக்கம். உங்க மகள் அப்படித்தான் கேட்டதா? ஒரு கிளி முன்னால் போகிறது, ஒரு கிளி பின்னால் துரத்துகிறது. நல்ல யோசனைதான். கல்யாணப் பொண்ணு இல்லையா.

இதைப் போய் இவ்வளவு அழுத்திக் கேட்கிறாளே என்று பார்க்காதீங்க. முன்பெல்லாம் நான் கேட்க மாட்டேன். எனக்குப் பேச்சே வராது அக்கா. நிஜமாகத்தான். யாராவது புதிதாக வந்தால் தலையைக் குனிந்துகொண்டு 'ம்' என்பேன், அதற்கு மேல் வராது. இப்போதும் வராதுதான். நீங்க வந்ததிலிருந்து நான் என்ன பேசிவிட்டேன் சொல்லுங்க.

உங்களை அனுப்பினது எழிலரசி மேடமா? அப்படியென்றால் சொல்லியிருப்பார்கள். 'என் படத்தையே திருத்தினவ'ன்னு சொன்னார்களா? அந்தக் காலேஜில் எல்லாருக்கும் என் பேர் அதுதான். ரசாயனம் படித்து, அதையே பாடமாக நடத்துகிற ஒரு மேடம், தன் கையால் வரைந்து கொடுத்த படத்தை, ஐந்தாவதோடு நின்றுபோன செவ்வந்தி திருத்திவிட்டாள். சுத்தப் பொய் அக்கா. அதாவது, திருத்தினது நிஜம். ஆனால் திருத்துகிறோம் என்று தெரிந்தா செய்தேன்?

கேளுங்க. கை பாட்டுக்கு வேலை செய்யட்டும்.

நான் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஜவுளிக்கடையில்தான் நின்றேன். பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிறதே, நாலு மாடிக் கடை, அதில் சுடிதார் செக்‌ஷன். காலையில் நின்றால் ராத்திரி வரை நிற்கவேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. என் மகள் கயல் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். அவள் நன்றாகப் பேசத் தொடங்குகிற வரை பொறுத்த என் வீட்டுக்காரர், அதற்குப் பிறகு மெல்ல ஆரம்பித்தார். அவர் மோசமில்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், ஒருநாள் லோடு இருக்கும், ஒருநாள் இருக்காது.

"செவ்வந்தி, கடை மேனேஜர் கேட்டாரு. தீபாவளிக்கு ஆள் எடுக்குறாங்களாம்."

"பிள்ளையை யாருங்க பார்த்துக்கிறது?"

"எங்கம்மா ஊர்ல விட்டுருவோம். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போய்ப் பார்த்துக்க."

ஞாயிற்றுக்கிழமை! ஜவுளிக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. தேவாலயத்து ஹாலில் ஆரி ஒர்க் வகுப்பு நடத்தினார்கள், அங்கே போய்க் கற்றுக்கொண்டிருந்தேன். "வீட்டுல இருந்தே செய்யுறேங்க, தீபாவளிக்குள்ள ஆர்டர் வந்தா இங்கேயே இருக்கேன், வரலைன்னா கடைக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அதுவே பெரிய பேச்சு. சரி என்றார்.

ஆர்டர் வரணுமே. எங்கிருந்து வரும்? வாசலில் போர்டு வைக்கக் கூச்சம். வைத்தால் யாராவது கதவைத் தட்டுவார்களே, பேசணுமே. கடை போடுகிறவளுக்கு ஆள் வந்துவிடக்கூடாது என்று பயம், எப்படி இருக்கு பாருங்க. பக்கத்துத் தெருவில் ஷாகுல் அண்ணன் தையல் கடை. அவர்தான் இரக்கப்பட்டு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். எழிலரசி மேடத்தின் கல்யாண வரவேற்பு ரவிக்கை. பச்சைப் பட்டு.

"இதை மட்டும் நல்லா செஞ்சிரும்மா. காலேஜு டீச்சருங்க பூராவும் வருவாங்க. ஒரு கை பார்த்தா பத்துக் கை வரும்" என்றார்.

மேடம் இந்தப் பாயில்தான் உட்கார்ந்தார்கள், நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தில். முப்பது தாண்டின வயது. நல்ல உயரம். தானே பேசினார்கள். மாங்காய் வேண்டாம், மயில் வேண்டாம், முதுகில் எதுவுமே வேண்டாம், ரெண்டு கையிலும் மட்டும் ஒரு படம் என்று, பையிலிருந்து பேனாவை எடுத்து, ஷாகுல் அண்ணன் கொடுத்த அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் சர்சர்ரென்று வரைந்தார்கள்.

முதலில் நடுவில் ரெண்டு கோடு, ஒன்றின்மேல் ஒன்றாக, சமமாக. ரெண்டு கோட்டின் இந்த முனையில் ஒரு புள்ளி, அந்த முனையில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மேலே சாய்வாக ஒரு கை, கீழே சாய்வாக ஒரு கை. பார்த்தால் ரெண்டு பிள்ளைகள் நடுவில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. "மேல் கை ரெண்டு முனையிலயும் பெரிய கல் வையி. கீழ் கை ரெண்டு முனையிலயும் சின்ன முத்து. இது வலது கைக்கு" என்றார்கள். நான் 'ம்' என்றேன்.

அப்புறம் பக்கத்திலேயே இன்னொன்று. அதே ரெண்டு கோடு, அதே நாலு கை. ஆனால் பெரிய கல் ஒன்று மேலே இந்தப் பக்கம் இருந்தது, இன்னொன்று கீழே அந்தப் பக்கம் போய்விட்டது. "இது இடது கைக்கு. இதுல இருக்கிற மாதிரியே போட்டுரு செவ்வந்தி."

நான் 'ம்' என்றேன்.

அவ்வளவுதான் அக்கா நடந்தது. 'இது என்ன மேடம்?' என்று நான் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்கள், சொல்லித்தருவதுதானே அவர்கள் தொழில். எனக்கு அவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்றிருந்தது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர்கள் பாதிப் பேர் படம் வரைந்துதான் கொடுப்பார்கள். ஒரு கைக்கு வரைவது நன்றாக இருக்கும். அடுத்த கைக்கு வரைவதற்குள் பொறுமை போய்விடும், கோணிக்கொள்ளும். இந்தப் பூவுக்கு ஐந்து இதழ் என்றால் அந்தப் பூவுக்கு நாலரை. 'இதே மாதிரியே போடுங்க' என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் அந்த ரெண்டாவது படத்தைச் சீந்தவே மாட்டோம். முதல் படத்தை டிரேஸ் எடுத்துக் குத்தி, ஒரு கைக்குத் தேய்த்து, பேப்பரை அப்படியே புரட்டிப் போட்டு அடுத்த கைக்குத் தேய்த்துவிடுவோம். ரெண்டு கையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி அச்சாக வந்துவிடும். வகுப்பில் முதல்நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஐந்தாம் வகுப்புவரை சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்துவிட்டேன், இது ஒன்று மட்டும் மறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே சீட்டைப் பார்த்தேன். ரெண்டாவது படத்தில் கல் கீழே சறுக்கிக் கிடக்கிறது. ஐயோ பாவம் என்று நினைத்தேன் அக்கா! 'பாவம், இவ்வளவு படித்தும் வரைய வரவில்லை, அவசரத்தில் கல்லை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.' நான் பாவப்பட்டேன். யாரைப் பார்த்து! அவரிடமும் காட்டினேன்.

"என்னங்க, இந்தக் கல்லு இங்க இருந்தா நல்லாவா இருக்கு?"

அவர் தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல் "கோணலாத்தான் இருக்கு" என்றார்.

போதாதா? முதல் படத்தைக் குத்தினேன், வலது கைக்குத் தேய்த்தேன், புரட்டினேன், இடது கைக்குத் தேய்த்தேன். அச்சு அசல். ரெண்டு கையிலும் மேலே ரெண்டு பெரிய கல், கீழே ரெண்டு சின்ன முத்து. குந்தன் கல்லைப் பசை வைத்து ஒட்டி, சுற்றிலும் ஜரி நூலால் வட்டம் கட்டினேன். நடுவிலிருக்கிற ரெட்டைக் கோட்டுக்கு ஜர்தோசிச் சுருள்கம்பி. அப்படி ஒரு வேலை நான் செய்ததே இல்லை. கயலைத் தூக்கிக் காட்டினேன். "ரெண்டு கண்ணு" என்று தொட்டாள்.

ஷாகுல் அண்ணன் தைத்துக் கொடுத்துவிட்டார். மேடத்துக்குக் கல்யாண அலைச்சலில் போட்டுப் பார்க்க நேரமில்லை, தங்கச்சியைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். தங்கச்சி பேங்க்கில் வேலை பார்க்கிறது. அதற்கென்ன தெரியும்? அதுவும் என்னைப் போலத்தான், நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டது.

வரவேற்புக்கு எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். கயலைத் தூக்கிக்கொண்டு போனேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பத்துக் கையைப் பார்க்கணுமே, யார் யார் பார்க்கிறார்கள், யார் யார் கேட்கிறார்கள் என்று. மனசுக்குள் கடை மேனேஜருக்குப் பதில்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'இல்லை சார், எனக்கு ஆர்டர் இருக்கு சார்.' மனசுக்குள் நான் நன்றாகப் பேசுவேன்.

மணமகள் அறையில் எட்டிப் பார்த்தேன். பியூட்டிசியன் பொண்ணு மேடத்தின் முடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தது. மேடம் அப்போதுதான் ரவிக்கை போட்டிருந்தார்கள். என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தார்கள். அந்தக் கை. அப்புறம் இந்தக் கை. திரும்பவும் அந்தக் கை. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"செவ்வந்தி, டிரான்ஸ் எங்கே?"

"எது மேடம்?"

"இது சிஸ். இதுவும் சிஸ். டிரான்ஸ் எங்கே?"

ஏதோ பொருளை என்னிடம் கொடுத்து வைத்த மாதிரிக் கேட்டார்கள் அக்கா. நான் என் பையைத் திறந்து பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அதில் கயலின் ஜட்டியும் பால்பாட்டிலும் இருந்தது.

"நான் ரெண்டு படம் வரைஞ்சேனே. ரெண்டும் வேற வேற இல்ல?"

"அது… கை தவறிருச்சுன்னு நெனச்சேன் மேடம்."

"யாரு கை?"

அந்த அறையில் வேறு யாருடைய கையைச் சொல்வது? பியூட்டிசியன் பொண்ணு முடியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. மேடம் சிரிக்கவில்லை. "வருஷக்கணக்கா போர்டுல வரைஞ்சுக்கிட்டிருக்கேன் செவ்வந்தி. பிள்ளைங்க தப்பா வரைஞ்சா மார்க்கைக் குறைப்பேன்" என்றார்கள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணில் வேறு மை போட்டிருந்தது. அழுதுவிடுவார்களோ என்று முந்தானையை நீட்டினேன்.

அப்போதுதான் சொன்னார்கள். மாப்பிள்ளை தணிகைவேல் சாரும் அவர்களும் ஒன்றாக எம்.எஸ்ஸி படித்தவர்களாம். லேபில் நடுவில் நீளமாக ரெட்டை மேசை. மேடம் இந்தப் பக்கம் இந்த மூலை, சார் அந்தப் பக்கம் அந்த மூலை. நேர் எதிரில்கூட இல்லை, குறுக்கே. ரெண்டு வருஷம் அப்படியே நின்றிருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசியதில்லை. படிப்பு முடிந்து, ஆளுக்கு ஒரு ஊர் போய், எத்தனையோ வருஷம் கழித்து சார்தான் கேட்டு வந்திருக்கிறார். நடுவிலிருக்கிற ரெட்டைக் கோடுதான் அந்த மேசை. பெரிய கல் ரெண்டும் இவர்கள். இடது கையில், குறுக்கே ஆளுக்கொரு பக்கமாக நின்ற நாள். அதற்குப் பேர் டிரான்ஸ். வலது கையில், ரெண்டு பேரும் ஒரே பக்கம், இன்றைக்கு. அதற்குப் பேர் சிஸ்.

"அவர் பார்த்ததும் படிச்சிருவாரு. அதுக்காகத்தான் போடச் சொன்னேன். வாயால சொல்ல எனக்கு வராது" என்றார்கள்.

அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறவர்கள்! அவர்களுக்கும் வராதாம். எனக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது அக்கா, என்னை என்ன செய்வது சொல்லுங்க.

ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். "மாத்திரலாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கோடு எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒரே ஒரு முனையில் மேலே இருக்கிற கல்லைப் பிரித்துக் கீழே வைத்து, கீழே இருக்கிற முத்தை மேலே வைத்தால் போதாதா? மேடம் யோசித்துப் பார்த்து, "போதும்" என்றார்கள். "பிரிச்சாத்தான் மாறும். சும்மா திருப்பினா மாறாது. ரெட்டைப் பிணைப்பு திரும்ப விடாது." அது பாடம் போல. நான் 'ம்' என்றேன்.

கயலைப் பியூட்டிசியன் பொண்ணின் பவுடர் டப்பாவோடு உட்காரவைத்துவிட்டு, முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தேன். ரவிக்கையைக் கழற்ற நேரமில்லை. வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. "எழில், மாப்பிள்ளை மேடை ஏறிட்டாரு" என்று கதவைத் தட்டுகிறார்கள். மேடத்துக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "இடது கையில மாத்து" என்றார்கள். ஜரி வட்டத்தைப் பிரித்தேன், கல்லை நெம்பினேன், கீழே இறக்கித் தைத்தேன், முத்தை மேலே ஏற்றினேன். வாய் பேசத்தான் எனக்குத் தைரியம் கிடையாது, கைக்கு உண்டு. மேடத்துக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை, முடி மறுபடியும் பியூட்டிசியன் கையில். "ஆச்சா?" "ஆச்சு மேடம்." எழுந்து போய்விட்டார்கள். கல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று என்னையும் மேடைக்குப் பின்னாலேயே வரச்சொன்னார்கள்.

அவர்களுடைய வீடியோவைப் பார்த்தீர்களென்றால், ராஜா நாற்காலிக்குப் பின்னால், பூத்திரைக்குப் பக்கத்தில், ஒரு அரைத் தலை தெரியும். அது நான்தான்.

அங்கே நின்று பார்க்கும்போதுதான் அக்கா, எனக்குத் தெரிந்தது. சார் நிற்கிறார். அவருக்கு இடப்பக்கம் மேடம் நிற்கிறார்கள். சாரின் தோளோடு உரசிக்கொண்டு இருப்பது மேடத்தின் வலது கை. அந்தக் கையில் ஒரு கல் மேலே, ஒரு கல் கீழே. நான் முகத்துக்கு முகம் உட்கார்ந்து, எனக்கு இடது எதுவோ அதில் மாற்றிவிட்டேன்!

பூத்திரைக்குள் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். பூ கொஞ்சமாகத்தான் கட்டியிருந்தார்கள்.

மொய்க்கவரோடு ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் சார் குனிந்து மேடத்தின் கையைப் பார்த்தார். படித்துவிட்டார். முகம் மாறியது.

"என்ன எழில், கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே டிரான்ஸா? நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமா?"

மேடம் தன் கையைப் பார்த்தார்கள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். "இல்ல, அது… இந்தக் கையில சிஸ் இருக்கு" என்று மறு கையைக் காட்டினார்கள்.

சார் இடது கையிலிருந்து வலது கைக்குப் படித்தார். "சரிதான். லேப்ல ஒன்னாத்தான் நின்னோம், இனிமேதான் பிரியப் போறோம். அப்படித்தானே?"

காலேஜிலிருந்து லூர்து மேடம், அவர்கள் துறைக்குத் தலைவி, மேடையேறி வந்தவர்கள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். "என்னடி எழில், ரியாக்‌ஷன் பின்னால போகுது?" என்று சத்தமாகக் கேட்டார்கள். பின்னால் நின்ற டீச்சர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எழிலரசி மேடத்தின் கழுத்து சிவந்துவிட்டது. அத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததைச் சொல்ல நினைத்தது ஒன்று, இந்தப் படுபாவி சொல்லவைத்தது ஒன்று.

அப்போது சார், "இருங்க இருங்க" என்றார். மேடத்தின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். பட்டுத்துணி அக்கா, பசை ஒட்டியிருந்த இடமும் ஜரி கட்டின ஊசி ஓட்டையும் வட்டமாகத் தெரியும், என்ன செய்தாலும் போகாது. பெரிய வட்டத்துக்கு நடுவில் சின்ன முத்து, பெரியவன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இங்க முன்னாடி மெத்தில் இருந்திருக்கு" என்றார். கல்லுக்கு அவர்கள் பாஷையில் அந்தப் பேர். "ரெண்டும் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கு. யாரோ பிரிச்சிருக்காங்க."

மேடம் அப்போதுதான் பேசினார்கள். மெதுவாக. எனக்கும் கேட்டது, அரைத் தலை அங்கேதானே இருக்கிறது. லேப், மேசை, மூலை, இடது கை, வலது கை எல்லாவற்றையும் சொன்னார்கள். நீங்க அந்தப் பக்கம் நின்னதை நான் தினமும் பார்த்தேன் என்று சொன்னார்கள். வாயால் சொல்ல வராது என்றவர்கள், அத்தனை பேர் மொய்க்கவரோடு காத்து நிற்கும்போது, மேடையில் நின்று முழுக்கச் சொன்னார்கள். என்னால் வந்த கஷ்டம் பாருங்க. படம் சரியாக இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே வேலையிருந்திருக்காது.

சார் அந்தக் கையை விடவில்லை. போட்டோக்காரர் "சார், இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அப்புறம் சார் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "யாரு இதைச் செஞ்சது? அவங்களைப் பார்க்கணும்" என்றார். மேடம் பின்னால் கையைக் காட்டினார்கள். லூர்து மேடம், டீச்சர்கள், மொய்க்கவர்கள், போட்டோக்காரர், எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

ஓடிவிட்டேன். பின்படி வழியாக இறங்கி, கயலைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமல். பால் பாயசம் வைத்திருந்தார்களாம். கயல் மூஞ்சி பூராவும் பியூட்டிசியன் பொண்ணின் ரோஸ் பவுடர்.

வீட்டுக்கு வந்து "கடைக்கே போறேங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். எப்படிச் சொல்வது? டிரேஸ் பேப்பரை எடுத்துக் காட்டினேன். இடவலமாகப் புரட்டினேன், தலைகீழாகப் புரட்டினேன், வெளிச்சத்துக்கு நேரே பின்பக்கமாகப் பிடித்தேன். கல் ரெண்டும் மேலே போகிறது, இல்லையென்றால் கீழே போகிறது, பிரியவே மாட்டேன் என்கிறது. எப்படிப் புரட்டினாலும் சிஸ் சிஸ்தான். அவரும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கோணலா இருந்ததுதான் சரியா?" என்றார். அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம் மனுஷன்.

அதற்கப்புறம்தான் அக்கா இந்தக் கேலி ஆரம்பித்தது. அடுத்த வாரமே மேடமும் சாரும் பழத்தட்டோடு வந்தார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "அம்மா குளிக்கலை, சும்மா நிக்கிறா" என்று கயல் அவர்களைக் குளியலறை வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "பிரிச்சுச் சரியா போட்டுத் தர்றேன் மேடம்" என்றேன். சார் விடவில்லை. "ஒரு கல்லைத் தொடக்கூடாது, இப்படியேதான் இருக்கணும்" என்றார். சாட்சிக்கு வைத்திருக்கிறார் போல.

பின்னாலேயே லூர்து மேடம் வந்தார்கள். நல்ல பட்டைக் கொடுத்து, "உனக்குத் தோணுறதைப் போடு செவ்வந்தி" என்றார்கள். சோதனை வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியாதா? பயந்து பயந்து போட்டுக்கொடுத்தேன். அவர்கள் போய் இன்னும் நாலு டீச்சரை அனுப்பிவிட்டார்கள், எல்லாரும் வந்து சோதிக்கட்டும் என்று. பிள்ளைகள் வேறு. ஒரு பொண்ணு ஆறு மூலை வரைந்து உள்ளே ஒரு வட்டம் போட்டு, இதுதான் வேணும் என்றது. அது நல்ல பொண்ணு. அதை எப்படிப் புரட்டினாலும் அதேதான் வருகிறது. இன்னொன்று, 'அக்கா, எனக்கும் ஒரு பெரிய வட்டத்துக்குள்ள சின்ன முத்து வேணும், எழிலரசி மேடத்துது மாதிரி' என்கிறது. என் மூஞ்சிக்கு நேராகவே. அந்த மாதிரி மட்டும் இப்போது ஏழெட்டுப் போட்டாயிற்று.

கடைக்குப் போய் மேனேஜரைப் பார்த்து 'வர்றேன் சார்' என்று சொல்லணும் அக்கா. தீபாவளி வந்துவிட்டது. நேரமே இல்லை. இந்தக் காலேஜ் ஆட்கள் விட்டால்தானே. இந்த ஒன்றை முடித்துவிட்டுப் போகலாம் என்றால் அடுத்தது வந்து நிற்கிறது. வீட்டுக்காரரும் முன் மாதிரி இல்லை, கடையைப் பற்றிக் கேட்பதே இல்லை. போன வாரம் தச்சரிடம் சொல்லிப் பெரிய ஃபிரேமாக ஒன்று செய்து கொண்டுவந்து போட்டிருக்கிறார், அதோ, சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு. கடைக்குப் போகப்போகிறவளுக்கு இது எதற்குங்க என்று கேட்டேன். சிரிக்கிறார். அவருக்கும் கேலிதான்.

சரி, குத்தி முடிந்தது. பேசிக்கொண்டே வலது கைக்குத் தேய்த்தும் விட்டேன், பாருங்க, கிளி எவ்வளவு தெளிவாக இறங்கியிருக்கிறது. மூக்கு வலப்பக்கம். இதோ இடது கைக்கும் தேய்த்தாயிற்று, பேப்பரை எடுக்கிறேன்… அழகாக இருக்கிறதா? ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, எவ்வளவு லட்சணமாக…

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க?

ஐயோ. துரத்துகிற கிளி. ரெண்டும் வலப்பக்கம். நீங்க சொன்னீங்க, நானேதான் கேட்டேன், நீங்களும் சொன்னீங்க. பேப்பரை எப்போது புரட்டினேன்? பொடிதான் அக்கா, இன்னும் ஊசி வைக்கவில்லை, மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தால்…

"அம்மாஆ! ஆயி போயிட்டேன்! கழுவி விடு வா!"

வர்றேன்டி, எழுந்திரிக்காதே, அப்படியே உட்காரு! அக்கா, ஈரம், அதைத் தொட்டுடாதீங்க. வந்து ஒரு நிமிஷத்தில் மாற்றிடுறேன். உங்க மகளிடம் வேணும்னா சொல்லுங்க, ஆனால் எழிலரசி மேடத்திடம் மட்டும் தயவு செய்து…